லீவிலும் புல் படித்தவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீடாமங்கலத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேர் அவருக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். இப்போது அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தேறும் என்று பார்ப்போம்.

எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். மண்டபத்துக்கு முன்னால் புதிதாகப் புல்தரை போட்டிருந்தார்கள். சனமெல்லாம் மாப்பிள்ளை அழைப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பட்டு வேட்டி கட்டிய ஒரு மனிதர் அந்தப் புல்லில் குந்தி உட்கார்ந்து, பேன் பார்ப்பதுபோல விரலால் வகிர்ந்து வகிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓரமாக ஒரு சின்னப் பத்தையைப் பிடுங்கி, வேரோடு வந்த மண்ணை மூக்குக்கிட்ட வைத்து முகர்ந்தார்.

"யாருங்க அது, கழண்ட கேஸா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏய், மெதுவாப் பேசு. என்கூடத்தான் வேலை பாக்குறாரு. நம்ம பின்தெருதான்" என்றார் அவர்.

இரண்டு பேருக்கும் வளைகுடாவில் ஒரே கோல்ஃப் மைதானத்தில் வேலை. பாலைவனத்துக்கு நடுவில் பச்சைப்பசேலென்று புல் வளர்த்து, அதை வெட்டி, உரம் போட்டு, மணல் தூவி, பணக்காரர்கள் பந்து அடிப்பதற்குத் தயாராக வைத்திருக்க வேண்டும். புல் வளர்ப்பதற்கு ஒரு வேலையா என்று கல்யாணம் பேசும்போதே எங்கள் அப்பா கேட்டார். எங்கள் பக்கத்தில் புல் என்றால் பிடுங்கி வரப்பில் எறிவதற்கு. அதற்குச் சம்பளமும் விமான டிக்கெட்டும் கொடுக்கிறார்கள் என்றதும் அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அங்கே வெயில் காலத்தில் மனிதன் வெளியே தலைகாட்ட முடியாது. பந்து அடிக்கிறவர்கள் எல்லாம் அவரவர் நாட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பெயர் ஆஃப் சீசன். அப்போதுதான் இவர்களுக்கு முறைவைத்து லீவு. எங்கள் ஊரில் அது ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று எல்லோரும் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்து இறங்குவார்கள்.

இறங்கியபிறகு என் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். வஞ்சிரம் வாங்க அதிராம்பட்டினம் வரைக்கும் பைக்கில் போவார். கல்யாணம், காதுகுத்து ஒன்று விடமாட்டார். எங்கள் பொண்ணை முன்னால் உட்காரவைத்து ரயில் பார்க்க ஜங்ஷனுக்குப் போவார். மத்தியானம் சாப்பிட்டால் சாயங்காலம் காபிக்குத்தான் கண் திறக்கும்.

அந்த மனிதர் வந்த மறுநாளே படிக்க உட்கார்ந்துவிடுவார். அந்த ஆஃப் சீசனில்தான் உலகம் முழுக்க உள்ள கோல்ஃப் மைதானக்காரர்களுக்கு ஆன்லைனில் கிளாஸ் நடக்குமாம். வேர் எத்தனை ஆழம் போகும், வெயிலில் புல் எப்போது மூச்சு முட்டும், குளிர்காலத்துக்கு எந்த விதையை எப்போது தூவவேண்டும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டுச் சொல்லுவார். இவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

"அங்க பந்து ஓடாத நேரந்தாம்மா நமக்குப் பாடம் ஓடுற நேரம்" என்பார் என்னிடம். இதை அவர் சொல்லி நான் கேட்காத லீவு கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் அடுப்பு மூட்டியதுபோல இருக்கும்.

ஒருதரம் எங்கள் பொண்ணுக்குப் பிறந்தநாள் என்று கூப்பிடுவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய தாள்களை ஒட்டி வைத்திருந்தார். மைதானத்தின் படம், பக்கத்தில் மாதங்கள், பச்சைக் கோடு, சிவப்புக் கோடு. இந்த வாரம் புல்லை ஒட்ட வெட்டவேண்டும், அந்த வாரம் தரையைத் துளைபோட்டு மணல் நிரப்பவேண்டும், அதற்கடுத்து விதை என்று வரிசையாக எழுதியிருந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் அடுத்த வருஷமே வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் நாள்காட்டியில் நேற்றைய தேதியைக்கூடக் கிழித்திருக்கமாட்டோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூன்று தாளைச் சேர்த்துக் கிழித்தேன். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடவேண்டும். அந்த மனிதரின் அம்மா என் மாமனார் வயலில் நாற்று நட்டவர். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கூலி வாங்கிப்போனவர். அந்த வீட்டுப் பிள்ளை படித்து என் வீட்டுக்காரருக்குச் சமமாக ஒரே வேலையில் இருக்கிறார் என்பதையே என் மாமியாரால் செரிக்க முடியவில்லை. "எல்லாம் காலம்" என்று பெருமூச்சு விடுவார். எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிக்காது. ஆனால் அந்த மனிதர் எங்களை முந்திவிடுவாரோ என்று நினைத்தபோது என் வயிற்றில் எரிந்ததில் அந்தப் பெருமூச்சும் கொஞ்சம் கலந்துதான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

அவர் தன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் இடத்தைச் சமன்செய்து, ஆற்று மணலைக் கொட்டி, வயல் வரப்புகளில் தேடித்தேடிக் கொண்டுவந்த அருகம்புல்லை நட்டார். ஊரே சிரித்தது. களைக்கு நாற்றங்கால் போடுகிறார் என்றார்கள். அந்த மைதானத்தில் இருப்பதும் இந்த அருகம்புல் சாதிதானாம். "புள்ளையாருக்குப் போடுற புல்லத்தாம்மா அவங்க ஷூ போட்டு மிதிக்கிறாங்க" என்பார். தினமும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து வெட்டுவார். ஒரு பாத்தியில் தண்ணீர் கூட, ஒரு பாத்தியில் குறைய, ஒன்றில் துளைபோட்டு, ஒன்றில் போடாமல் என்று எதையோ சோதித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதில் மேய்ந்துவிட்டது. சத்தியமாக நானாக அவிழ்த்துவிடவில்லை. ஆனால் சேதி தெரிந்ததும் ஓடியது பாருங்கள் மனசு, ஆட்டைப் பிடிக்க இல்லை, அவர் முகத்தைப் பார்க்க. இன்றைக்காவது கோபப்படுவார், நாலு வார்த்தை தடித்துப் பேசுவார், நானும் பதிலுக்குப் பேசிவிட்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போனால் மனிதர் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது மேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியாம்மா, துளை போட்ட பாத்தியத்தான் முதல்ல திங்குது. அங்க தளிர் நல்லா இருக்குன்னு அதுக்கே தெரியுது. ஆட்டைக் கொஞ்சம் விட்டு வை, நாளைக்கும் பாக்கலாம்" என்றார்.

ஒரு மனிதரோடு சண்டைகூடப் போட முடியவில்லை என்றால் அவரை என்னதான் செய்வது? ஆட்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த லீவில்தான் பேச்சு வந்தது. மைதானத்தில் உதவி மேனேஜர் இடம் காலியாகிறது. இந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். லீவு முடிவதற்குள் மேனேஜர் வீடியோவில் கூப்பிடுவார், அடுத்த சீசனுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறாய் என்று கேட்பார், கேட்டுவிட்டு முடிவு சொல்வார்.

சம்பளம் கூடுவது இருக்கட்டும். அந்த வேலைக்குக் குடும்ப விசா உண்டு, தங்க வீடு உண்டு. எனக்கு வேண்டியது அதுதான். எங்கள் பொண்ணு அவள் அப்பா லீவில் வந்தால் விருந்தாளி வந்ததுபோலக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். "அப்பா, எத்தனை நாள் இருப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்பாள். என் கூடப் படித்தவர்கள் எல்லாம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். எனக்குச் சண்டை போடுவதற்கும் லீவு வரவேண்டும்.

"நீங்களும் அவர்கூட உக்காந்து அந்தக் கிளாஸக் கேளுங்களேன்" என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன்.

"லீவுக்குத்தானடி வந்திருக்கேன். அங்க போனா பன்னெண்டு மாசமும் புல்லுதான்."

"அவரும் லீவுக்குத்தான் வந்திருக்காரு."

"அவரு வேற."

கடைசியில் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். "அண்ணே, அவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே" என்றேன். ஒளித்துவைப்பார், சாக்குச் சொல்லுவார், அப்போது வெறுப்பதற்கு ஒரு நியாயமாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கு நீ வரணுமா? மாப்ளைய வரச் சொல்லும்மா" என்றார்.

மறுநாளிலிருந்து சுவரில் இருந்த தாள்களை எல்லாம் காட்டி என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். தனக்கு எதிராக நிற்கப்போகிற ஆளுக்கு! நானும் அண்ணியோடு கூடத்தின் ஓரத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் கொட்டாவி விட, நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"நம்ம ஊரு ஆளுங்க செய்யிற தப்பு ஒண்ணு இருக்கு மாப்ள. தரை காஞ்சா நமக்குப் பொறுக்காது. புல்லு மஞ்சளாச்சுன்னா உடனே மடையத் தொறந்து விட்டுருவோம். நானும் போன புதுசுல அப்படித்தான் ஒரு கிரீன அழுக வச்சேன்" என்றார். பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய சின்னப் புல்தரைக்குத்தான் கிரீன் என்று பேர். "புழுக்கமான மாசத்துல அது தாகத்துல மஞ்சளாகல, தண்ணி கூடி வேரு மூச்சு முட்டி மஞ்சளாகுது. அப்ப தண்ணிய நிறுத்தணும், தரையக் குத்திக் காத்து குடுக்கணும். நெல்லு நிக்கிற மாதிரி அது தண்ணியில நிக்காது."

"சரிதான், சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணை மூடிக்கொண்டு.

அன்றைக்கு எழுந்து வரும்போது நான் அவரிடம் கேட்டே விட்டேன். "ஏண்ணே, நீங்க மத்தியானத்துல ஒரு நாளாச்சும் கண்ணசர மாட்டீங்களா? அங்க கிடந்து உழைச்சுட்டு வந்திருக்கீங்க."

அவர் ஹெட்போன் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்ல ஆஃப் சீசன்னா என்னன்னு உனக்குத் தெரியாதும்மா" என்றார். "அறுப்பு முடிஞ்சு, உளுந்தும் எடுத்தாச்சுன்னா அடுத்து ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் எங்கம்மாவுக்கு வேலை கிடையாது. வாசல்ல சும்மா உக்காந்திருப்பாங்க. அந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன். மாப்ளைக்கு இந்த வேலை போனா வந்து நிக்க வயல் இருக்கு. நான் வந்தா யார் வயல்ல போய் நிக்கிறது? சும்மா படுத்தா எனக்குத் தூக்கம் வராது. பயம்தான் வருது."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது. கூடவே, இந்த மனிதருக்குப் பயம்கூட உபயோகமாக இருக்கிறதே, எங்கள் வீட்டு மனிதருக்கு ஒரு பயமும் இல்லையே என்ற எரிச்சலும் வந்தது.

மேனேஜர் கூப்பிட்ட அன்றைக்கென்று எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. புது வெள்ளம், நுரையும் சருகுமாக. தெருவே வாய்க்கால் கரையில் நின்றது. என் வீட்டுக்காரர் சட்டைக்கு மேலே டை கட்டிக்கொண்டு, கீழே லுங்கியோடு, போய்த் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்துவிட்டு வந்து வீடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். முகமெல்லாம் பூரிப்பு. பின்தெருவில் சொல்லிக்கொடுத்த திட்டத்தை நன்றாகத்தான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசியாக மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார். புழுக்கமான வாரத்தில் கிரீன் மஞ்சளானால் முதலில் என்ன செய்வாய்?

எனக்குப் பதில் தெரியும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட எனக்குத் தெரியும். உள்ளே பாய்ந்து சொல்லிவிடலாமா என்று வாய் துடித்தது. வாய்க்காலில் ஓடும் தண்ணீர்ச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பூரிப்பு குறையாமல் சொன்னார், தண்ணீர் விடுவேன் சார் என்று. போதாதென்று, நிறைய விடுவேன் என்றார்.

வேலை யாருக்குக் கிடைத்தது என்று சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு நான் போட்ட சண்டை ஆறு மாதத்துக்குத் தாங்கும். "நம்ம ஊர்ல தண்ணி வந்த அன்னிக்கு வேற என்னடி தோணும் எனக்கு?" என்றார் அவர்.

அந்த மனிதர் நேரில் வந்து தனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். கையில் பழம் வாங்கி வந்திருந்தார். சொல்லவே கூச்சப்பட்டார். நான் காபி கொடுத்துவிட்டு, "அண்ணே, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. மறைக்க விரும்பல" என்றேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கத்தாம்மா செய்யும். எனக்குக் கிடைக்காம இருந்தா எனக்கும் இருந்திருக்கும்" என்றார். அதிலும் ஒரு குறை வைக்காமல் பேசினார் பாருங்கள்.

அடுத்த ஆஃப் சீசனில் குடும்பத்தைக் கூட்டிப்போக வந்தார். புறப்படுகிற அன்று வாசலில் வேன் நின்றது. நானும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வழியனுப்பப் போனேன். அண்ணி புதுச் சுடிதாரில் இருந்தார். இத்தனை வருஷத்தில் அவரைப் புடவை தவிர வேறெதிலும் நான் பார்த்ததில்லை. பெருமையடிப்பார், அங்கே இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லுவார், கேட்டுத் தொலைக்கவேண்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அண்ணி என் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். கண் கலங்கியிருந்தது.

"நேத்து உங்க வீட்ல சத்தம் போட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. கொல்லையில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. "மீன் நல்லா இல்லன்னு சண்டை அண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"அதுக்கில்ல. எங்க வீட்ல சண்டை போடணும்னாக்கூட முதல்ல அவரு காதுல இருக்கறதக் கழட்டணும். உங்க வீட்டுக்காரரு லீவுக்கு வர்றாரு. எங்க வீட்டுக்காரரு லீவுலயும் வந்ததில்ல. வருஷா வருஷம் உன்னப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்கும். போறப்பவாச்சும் சொல்லிரணும்னு நினைச்சேன்."

வேன் புறப்பட்டுப் போனது. நானும் பொண்ணும் கடைத்தெருவில் காய்கறி வாங்கலாம் என்று அப்படியே நடந்தோம். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அந்தச் சுவரும் அந்த மூளையும் உள்ள வீட்டிலிருந்து, என்னைப் பார்த்து. நடக்க நடக்க அது உள்ளே இனித்தது. என் பொண்ணின் கையை வீசி வீசி நடந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மூடினால் லேசில் திறக்காது. வரிசையாக நின்ற பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் அவர்கள் வேனும் நின்றது. நாங்கள் பின்னாலிருந்து போனதால் அவர்கள் எங்களைக் கவனிக்கவில்லை. நடு சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றும் இல்லை. கையில் போன் இல்லை. அவர்கள் பையன் மடியில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்க, அவன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வருகிற ரயிலைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் தோளில் சாய்ந்திருந்தார். அவரும் ஒரு வேலையும் இல்லாத மனிதரைப்போல, கேட் திறந்தால் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

ஆக, அண்ணிக்கு இதுவும் கிடைத்துவிட்டது.

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். வேன் தண்டவாளத்தில் குலுங்கி ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

"ஏம்மா அழுவுற?" என்று கேட்டாள் என் பொண்ணு.

"பொறாமைடி" என்றேன்.